லாடம் அடித்த பின் வரும் தொல்லைகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பதும், நல்ல லாடக்காரரைப் பிடித்து வைப்பதும்

குதிரை நொண்டினால் முதல் பழி லாடம் அடித்தவர் மேல்தான் விழும். பல நேரம் அது நியாயமான பழி இல்லை. யார் பக்கம் தப்பு என்பதைப் பெரும்பாலும் ஒரே கேள்வி பிரித்துக் காட்டிவிடும்: லாடம் அடித்து இன்றைக்கு எத்தனையாவது நாள்? அன்றைக்கே நொண்டினால் ஒரு காரணம், ஆறாம் நாள் நொண்டினால் வேறு காரணம். எட்டாவது வாரத்தில் லாடம் கழன்று விழுந்தால் அடித்தவரைக் கேட்க ஒன்றுமில்லை. நாளைத் தள்ளிப்போட்ட நம்மைத்தான் கேட்க வேண்டும்.

அதனால் லாயச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டுங்கள். லாடம் அடித்த தேதி, புது லாடமா பழையதையே திருப்பி அடித்ததா, எந்தக் காலில் என்ன பிரச்சினை சொன்னார், இவ்வளவும் அதில் இருக்கட்டும். அடித்து முடித்ததும் நாலு குளம்பையும் பக்கவாட்டில் ஒரு படம், காலைத் தூக்கி அடிப்பக்கம் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பக்கவாட்டுப் படத்துக்குப் போனைத் தரையிலேயே வைத்து எடுக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் குளம்பின் சரிவு தெரியாது, அந்தப் படத்தால் பயனும் இல்லை.

ஆளே கிடைக்கவில்லை

மாட்டுக்கு லாடம் அடிப்பவரைச் சந்தையில் பார்த்துவிடலாம். குதிரைக்கு அடிப்பவர் அபூர்வம். அவசரத்துக்கு மாட்டுக்காரரையே கூப்பிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. பிளவுக்கு ஒன்றாகத் தகடு அடிப்பார்கள். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, காலைக் கட்டித்தான் வேலை நடக்கும். குதிரைக்கு வளைந்த ஒற்றை லாடம், குளம்புச் சுவரின் (வெளி ஓட்டின்) சரிவு வேறு, ஆணி போக வேண்டிய கோணமும் வேறு. நிற்க வைத்தே அடிக்க வேண்டும். கயிறு போட்டுத் தள்ளிய குதிரை மிரண்டு உதறும்போது முதுகிலோ இடுப்பிலோ அடிபட்டால், லாடத்துக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு வைத்தியத்துக்குப் போகும்.

தேட வேண்டிய இடங்கள் வேறு. சென்னை, பெங்களூரு, ஊட்டிப் பந்தய லாயங்களில் வேலை பார்த்தவர்கள், சென்னைக் காவல்துறைக் குதிரைப் படைக்கு அடிப்பவர்கள், கோவை, சென்னைப் பக்கக் குதிரையேற்றப் பள்ளிகளுக்கு வந்து போகிறவர்கள், ஊட்டி கொடைக்கானலில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள் கூப்பிடும் ஆட்கள், தென்மாவட்டங்களில் குதிரை வண்டிப் பந்தயம் விடுகிறவர்களின் ஆட்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தைக்குப் போனால், குதிரை வாங்காவிட்டாலும் நாலைந்து போன் நம்பராவது கிடைக்கும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பெரிய விலங்குகளுக்கான பிரிவில் கேட்கலாம். அங்கே நொண்டல் வைத்தியத்துக்கு வரும் குதிரைகள் யாரிடமிருந்து வருகின்றன என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். யாரிடமிருந்து வருவதில்லை என்பதும் தெரியும். ராணுவத்தின் கால்நடைப் படையில் மீரட்டில் பயிற்சி எடுத்து ஓய்வுபெற்றவர் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

ஒவ்வொரு வகை ஆளுக்கும் ஒரு பழக்கம் இருக்கும், அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பந்தய லாயத்துக்காரர் மெல்லிய அலுமினியத் தகட்டைப் புல்தரை ஓட்டத்துக்கு ஏற்ப அடித்துப் பழகியவர். தார் ரோட்டில் நடக்கும் உங்கள் குதிரைக்கு அது சீக்கிரமே தேய்ந்துவிடும். இரும்பு லாடம் அடிப்பாரா, அளவுக்கேற்ப அதைத் தட்டி வளைக்கப் பட்டடைக்கல் கொண்டு வருவாரா என்று கேளுங்கள். மலைச் சவாரிக் குதிரைக்கு அடிப்பவர் சின்னக் குளம்புக்குப் பழகியவர். தரோபிரெட் என்கிற பெரிய பந்தய இனக் குதிரைக்கான அளவு லாடம் அவர் பையில் இருக்காது.

பிரிட்டனில் 1975-ல் வந்த சட்டப்படி, பதிவு செய்யாதவர் குதிரைக்கு லாடம் அடிக்க முடியாது. நம் ஊரில் அப்படிப்பட்ட ஏற்பாடு இல்லை. சான்றிதழ் கேட்டு ஆளை எடை போட முடியாது. வேலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நேற்று அடித்த லாடத்தைக் காட்டினால் நம்பாதீர்கள், நேற்று அடித்தது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். அவர் அடித்து ஐந்து வாரமான குதிரையைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து வாரத்துக்குப் பிறகும் லாடம் அடித்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா, மடித்த ஆணிமுனைகள் கிளம்பாமல் இருக்கின்றனவா, குதிகால் லாடத்துக்கு வெளியே தொங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியென்றால் பேச்சைத் தொடரலாம்.

ஆள் வந்துவிட்டார், சரியானவரா என்று தெரியவில்லை

கத்தியை எடுப்பதற்கு முன் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தெரிந்தவர் குதிரையைக் கெட்டித் தரையில் தன்னை நோக்கியும் விலகியும் நடக்கவிட்டுப் பார்ப்பார். கழற்றிய பழைய லாடத்தைத் திருப்பி எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். வந்ததும் காலைத் தூக்கி வெட்ட ஆரம்பிப்பவர் வேகமானவராக இருக்கலாம், நல்லவர் என்று சொல்ல முடியாது.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியவை:

குளம்புக்கு லாடம் பொருந்த வேண்டும். லாடத்துக்குக் குளம்பு பொருந்தக் கூடாது. கையில் இருக்கும் சின்ன லாடத்தை அடித்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முன்முனையை அரத்தால் ராவித் தள்ளுவது நம் பக்கம் அதிகம் நடக்கிற தப்பு. முடித்த பிறகு பார்க்க மழமழவென்று இருக்கும். ஆனால் சுவர் மெலிந்துவிடும், அடுத்த தடவை ஆணி பிடிக்க இடம் இருக்காது.

குளம்படியின் நடுவில் முக்கோணமாக இருக்கும் ஃபிராக் பகுதியில் தொங்கும் கிழிசலை மட்டும் எடுத்தால் போதும். உயிருள்ள பகுதியைச் சீவிச் சுத்தமாக்கிக் காட்டுபவரை நிறுத்துங்கள். உள்ளங்குளம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. அமுங்கினால் அளவுக்கு மீறிச் சீவியாயிற்று.

குளம்படியில் சுவரும் உள்ளங்குளம்பும் சேரும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும்; ஆணி அந்தக் கோட்டிலோ அதற்கு வெளியிலோதான் நுழைய வேண்டும், உள்ளே அல்ல. பக்கத்துக்கு மூன்று ஆணி போதும். வெளிப்பக்கம் நான்கு அடிப்பதும் உண்டு. குளம்பின் மிக அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி வேண்டாம், குதிரை காலை ஊன்றும்போது குதிகால் விரிய வேண்டும். ஆணிமுனைகள் சுவரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், ஏறக்குறைய ஒரே வரிசையில் வெளியே வர வேண்டும். ஒரு முனை மட்டும் தாழ வந்தால் அது சீக்கிரம் பிய்த்துக்கொள்ளும். ஒன்று மட்டும் மிக உயரத்தில் வந்தால் உயிர்ப்பகுதியை ஒட்டிப் போயிருக்கலாம்.

முடித்ததும் குதிரையை மறுபடி நடக்கவிட்டு, டிராட்டும் (மெதுவான ஓட்டம்) விட்டுப் பார்க்கிறாரா? நீங்கள் சொல்லாமலே செய்தால் நல்ல அறிகுறி. கூலியை அதற்குப் பிறகு கொடுங்கள்.

அடித்த அன்றோ மறுநாளோ நொண்டுகிறது

ஒரே ஒரு கால் என்றால் ஆணியைச் சந்தேகப்படுங்கள். இரண்டு முன்னங்காலும் கல் தரையில் கூசுகிறது, மணலில் நன்றாக நடக்கிறது என்றால் ஆணி இல்லை. நகத்தை ஒட்ட வெட்டின மாதிரிக் குளம்பை அதிகமாக வெட்டியிருக்கிறார், அல்லது தட்டையான உள்ளங்குளம்பின் மேல் லாடம் அழுத்துகிறது. முதல் வகைக்கு ஒரு வாரம், பத்து நாள் மெத்தென்ற தரையில் ஓய்வு கொடுத்தால் குறையும். இரண்டாவதற்கு லாடத்தைக் கழற்றி, உள்விளிம்பைச் சரிவாகத் தட்டித் திரும்ப அடிக்க வேண்டும்.

ஆணி என்றால் இரண்டு விதம். ஆணி உயிர்ப்பகுதிக்குள்ளேயே போயிருந்தால் அடிக்கும்போதே குதிரை காலை வெடுக்கென்று இழுத்திருக்கும். அப்போதே ஆணியைப் பிடுங்கி, ஆணியிலோ துளையிலோ ரத்தம் தெரிகிறதா என்று பார்த்து, துளைக்குள் அயோடின் ஊற்றி, அந்தத் துளையை ஆணி இல்லாமல் விட வேண்டும். சில பேர் நாம் பார்க்கிறோமே என்று கூச்சப்பட்டு அதே துளையில் இன்னோர் ஆணியை அடித்துவிடுவார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கும். குத்திவிட்டது என்று வாய்விட்டுச் சொல்கிற ஆளைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை உங்களிடம் மறைப்பார்.

இரண்டாவது வகையில் ஆணி உயிர்ப்பகுதியைத் தொடவில்லை, ஒட்டிப் போய் நெருக்குகிறது. அடிக்கும்போது குதிரை ஒன்றும் காட்டாது. மறுநாளோ மூன்றாம் நாளோ காலை முழுக்க ஊன்றத் தயங்கும். கண்டுபிடிக்கும் விதம்: காலைத் தூக்கிப் பிடித்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வோர் ஆணித் தலையையும் லேசாக, ஒரே அழுத்தத்தில் தட்டுங்கள். பயத்தில் இழுக்கும் குதிரை எல்லா ஆணிக்கும் இழுக்கும். வலியில் இழுக்கும் குதிரை ஓர் ஆணிக்கு மட்டும் இழுக்கும். சுற்று மாற்றித் தட்டினாலும் அதே ஆணியில் இழுத்தால் அதுதான். அதன் மடித்த முனையை அரத்தால் ராவி நிமிர்த்தி, தலையைக் குறட்டால் பிடித்து நேராக உருவி எடுங்கள். உருவிய ஆணியைத் துடைக்காமல் பாருங்கள். காய்ந்து பளபளப்பாக இருந்தால் நெருக்கம் மட்டும்தான். ஓய்வில் இரண்டு நாளில் சரியாகும். ஈரமாக, கறுத்து, நாற்றத்தோடு வந்தால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது.

எப்படியிருந்தாலும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். ரணஜன்னி குதிரையைப் பிடிக்கிற மாதிரி வேறு கால்நடையைப் பிடிக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, போட்டதே ஞாபகம் இல்லை என்றாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் பார்க்கும் முன் வலிமருந்து கொடுத்துவிடாதீர்கள்; வலி மறைந்தால் இடம் கண்டுபிடிக்க முடியாது.

நாலைந்து நாள் நன்றாக இருந்து, பிறகு காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது

குளம்புக்குள் சீழ். முந்தின நாள் சவாரிக்குப் போன குதிரை காலையில் மூன்று காலில் நிற்கும். பார்த்தால் எலும்பு முறிந்த மாதிரி இருக்கும். கணுக்காலின் பின்புறம் இரண்டு பக்கமும் விரலை வைத்து நாடி பாருங்கள். சாதாரணமாக அந்த நாடி தேடிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு மெல்லியது. சீழ் இருந்தால் விரலை முட்டும். குளம்பைப் புறங்கையால் தொட்டு மற்றக் காலோடு ஒப்பிட்டால் சூடு தெரியும்.

லாடம் அடித்து இரண்டு வாரத்துக்குள் இது வந்தால் பழைய ஆணித் துளையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்தால் ஆணிக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். ஊறின குளம்பின் வெள்ளைக் கோட்டு வழியாகச் சேறு ஏறி உள்ளே புண்ணாக்கும். லாடக்காரரைக் குறை சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாடத்தைக் கழற்றி, சீழ் இருக்கும் இடத்தைக் குறட்டால் அழுத்திக் கண்டுபிடித்து, சின்னதாக ஒரு வழி திறந்துவிட வேண்டும். இதை மருத்துவர் செய்வதே நல்லது. பெரிய குழியாகத் தோண்டினால் உள்ளிருந்து சதை பிதுங்கி, ஒரு வார வேலை இரண்டு மாதமாகும். திறந்த பிறகு கை பொறுக்கிற சூட்டு நீரில் எப்சம் உப்பை இனிமேல் கரையாது என்கிற அளவுக்குப் போட்டு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிஷம் குளம்பை முக்குங்கள். ரப்பர் வாளி நல்லது. பிளாஸ்டிக் வாளி மிதித்தால் உடைந்து காலைக் கிழிக்கும். முக்கி எடுத்ததும் பஞ்சு, அதன் மேல் குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர், அதன் மேல் அகலமான ஒட்டுநாடா என்று கட்டிவிடலாம். நாடா குளம்போடு நிற்க வேண்டும். மேலே முடி தொடங்கும் இடத்தில் ஏறி இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். மூன்று, நாலு நாளுக்கு மேல் முக்காதீர்கள், சுவர் ஊறிப்போய் லாடம் நிற்காது. சீழ் வடிந்ததும் வலி மளமளவென்று குறையும். குறையாவிட்டால் வேறு ஏதோ இருக்கிறது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

லாடம் கழன்று கழன்று விழுகிறது

அதிகம் சண்டை வரும் இடம் இது. நாலு கேள்வி கேட்டால் பதில் தானாக வரும்.

எத்தனை நாளில் விழுந்தது? குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். வளர வளர லாடம் முன்னுக்குப் போகும், ஆணியின் மடிப்பு தளரும். அதனால் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் கழற்றி, வெட்டி, திரும்ப அடிக்க வேண்டும். லாடம் தேயவில்லையே என்று பத்து வாரம் விடுகிறார்கள். லாடம் தேய்ந்ததா என்பது கேள்வியே இல்லை, குளம்பு வளர்ந்ததா என்பதுதான் கேள்வி. தேயாத லாடத்தை அதே குதிரைக்குத் திரும்ப அடிக்கலாம், செலவும் குறையும். இரண்டு வாரத்துக்குள் விழுந்தால் அடித்தவர் கூலி வாங்காமல் வந்து அடிக்க வேண்டும். இதை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

எந்தக் கால்? முன்னங்கால் லாடம் மட்டும் திரும்பத் திரும்ப விழுந்தால், பின்னங்கால் அதை மிதித்துப் பிடுங்குகிறது. நடக்கும்போது இரும்போடு இரும்பு இடிக்கும் ‘டக் டக்’ சத்தம் கேட்கும். முன் குளம்பின் முன்முனை நீண்டிருந்தால் கால் தரையை விட்டுக் கிளம்பத் தாமதமாகும், அதற்குள் பின்னங்கால் வந்து இடித்துவிடும். முன்முனையைக் குறைத்து, லாடத்தின் முன்விளிம்பை உருட்டிவிட்டால் பெரும்பாலும் நிற்கும். களைத்த குதிரையும், தலையைத் தொங்கப்போட்டு ஓடும் இளங்குதிரையும் இதே மாதிரி இடிக்கும்; அங்கே சரி செய்ய வேண்டியவர் சவாரி செய்பவர். தீரும்வரை முன்னங்காலுக்கு மணி போன்ற ரப்பர் உறை போடலாம். லாடக்காரரிடம் ‘பிடுங்காத மாதிரி குட்டையாக அடித்துவிடுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். லாடத்தின் பின்முனை குதிகால் முடியும் இடம்வரை இருக்க வேண்டும். குட்டையாக அடித்தால் லாடம் விழாது, குதிகால் நசுங்கும்.

விழுந்த லாடம் எங்கே? எடுத்துப் பாருங்கள், காட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆணிகள் லாடத்தோடேயே இருந்து குளம்புச் சுவர் பிய்ந்திருந்தால் சுவரில் பலம் இல்லை. ஆணித் தலைகள் தேய்ந்து துளை வழியாகக் கழன்றிருந்தால், லாடத்தின் துளைக்கு ஏற்ற ஆணி போடவில்லை அல்லது லாடமே தேய்ந்துவிட்டது. ஆணிகள் பாதியில் ஒடிந்திருந்தால் மலிவு ஆணி, அல்லது லாடம் குளம்போடு சமமாக உட்காராமல் ஆடியிருக்கிறது.

தரை எப்படி? காலையில் சேற்றில், பகலில் சுடுமணலில், மாலையில் குளிப்பாட்டல் என்று ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால் சுவர் விரிந்து சுருங்கி, ஆணித் துளை பெரிதாகும். தினமும் காலை முழுக்கக் கழுவும் பழக்கத்தைக் குறையுங்கள், குளம்பைச் சுரண்டித் துடைத்தாலே போதும்.

லாடம் பாதி கழன்று திரும்பி நின்றால் குதிரையை ஒரு அடிகூட நடத்தாதீர்கள், தன் ஆணியையே மிதித்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே கழற்றுங்கள். மடித்த முனைகளை ராவிவிட்டு, குறட்டைக் குதிகால் பக்கம் லாடத்துக்கடியில் நுழைத்து, உள்ளும் புறமும் மாற்றி மாற்றிக் குளம்பின் நடுவைப் பார்த்து அமுக்கிக் கிளப்புங்கள். வெளிப்பக்கம் முறுக்கினால் சுவரோடு பிய்ந்து வரும். இதற்காக ஒரு குறடும் ஒரு பழைய அரமும் லாயத்தில் எப்போதும் இருக்கட்டும்.

வேறு கம்பியோ ஆணியோ ஃபிராக்கில் ஆழமாக ஏறியிருந்தால் மட்டும் பிடுங்காதீர்கள். எந்தத் திசையில், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்தால்தான் மூட்டைத் தொட்டதா என்று தெரியும். மேலும் உள்ளே ஏறாதபடி சுற்றிலும் துணி கட்டி உயர்த்தி, உடனே மருத்துவரை வரவழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962.

இரண்டு முன்னங்காலையும் முன்னே நீட்டி, பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது

லாடக்காரருக்குப் போன் போடாதீர்கள், மருத்துவருக்குப் போடுங்கள். இது லாமினைட்டிஸ். குளம்புக்குள் எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் அடுக்குகள் விட்டுப்போகின்றன. தானிய மூட்டையை அவிழ்த்து வயிறு முட்டத் தின்ற குதிரை, நச்சுக்கொடி விழாத பெண் குதிரை, உடம்பு பெருத்த குதிரை இவற்றுக்கு வரும். மருத்துவர் வரும்வரை மணலைக் குவித்து அதில் நிறுத்துங்கள், குளம்பைப் பனிக்கட்டி போட்ட நீரில் வையுங்கள், தீனித் தானியத்தை நிறுத்துங்கள், நடக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரே பார்க்காமல் யாரும் அந்தக் குளம்பை வெட்டக் கூடாது. பிறகு மருத்துவரும் லாடக்காரரும் ஒரே நேரத்தில் படத்தைப் பார்த்துப் பேசிச் செய்கிற வேலை அது. அந்தப் பேச்சுக்கு வர மறுப்பவரை மாற்றிவிடலாம்.

குளம்படியில் கறுப்பாக, நாற்றம் அடிக்கிறது

லாடத்துக்குச் சம்பந்தமில்லை. மூத்திர ஈரத்தில் நிற்கிறது, தினமும் குளம்பு சுரண்டப்படவில்லை. படுக்கையை உலர வையுங்கள், ஃபிராக் நடுப்பள்ளத்தைச் சுரண்டி உலர்த்தி, நீர்த்த அயோடின் விடுங்கள். மயில்துத்தம் தூவுவது பழைய வழக்கம், வேலையும் செய்யும். ஆனால் ரத்தம் தெரியும் சதையில் பட்டால் எரித்துவிடும். பள்ளம் விரல் நுழைகிற ஆழத்துக்குப் போய்விட்டால் லாடக்காரரிடம் காட்டி அழுகியதை எடுக்கச் சொல்லுங்கள்.

நொண்டல் இல்லை, ஆனால் குளம்பு வடிவம் மாறிக்கொண்டே போகிறது

படங்கள் எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஆறு மாதப் படங்களை வரிசையாக வையுங்கள். கணுக்காலுக்குக் கீழே இறங்கும் எலும்பின் சரிவும், குளம்பின் முன்சுவரின் சரிவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மாதா மாதம் முன்முனை நீண்டு, குதிகால் முன்னுக்குச் சரிந்து, அந்தக் கோடு உடைந்துகொண்டே வந்தால் லாடக்காரர் முன்முனையை விட்டுவிட்டுக் குதிகாலையே வெட்டிக்கொண்டிருக்கிறார். நொண்டல் வர ஒரு வருஷம் பிடிக்கலாம். வரும்போது தசைநாரில் வரும். சரி செய்யவும் ஒன்பது மாதம், ஒரு வருஷம் ஆகும், ஏனென்றால் முன்சுவர் மேலிருந்து கீழே முழுக்க வளர்ந்து வர அவ்வளவு நாள் எடுக்கும். ஒரே தடவையில் நிமிர்த்திவிடுகிறேன் என்பவரை நம்ப வேண்டாம்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? ‘தப்பா வெட்டுறீங்க’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. படத்தைக் காட்டி, ‘அண்ணே, போன தைக்கும் இப்பவும் குதிகால் சரிஞ்சிருக்கே, என்ன பண்ணலாம்?’ என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்.

குதிரை காலைக் கொடுக்க மாட்டேன் என்கிறது

மல்லுக்கட்டுவதற்கு முன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். வயதான குதிரைக்குப் பின்னங்கால் மூட்டு மடங்காது. காலை உயரத் தூக்கி வெளிப்பக்கம் இழுத்தால் உதைக்கத்தான் செய்யும். தாழ்வாக, உடம்புக்கடியிலேயே பிடித்தால் அதே குதிரை நிற்கும். வழுக்கும் சிமெண்டுத் தரையில் மூன்று காலில் நிற்கப் பயப்படும். ரப்பர் பாயோ மண் தரையோ வேண்டும்.

பழக்கம் இல்லாததுதான் காரணம் என்றால் அது லாடக்காரர் வேலை இல்லை. தினமும் நாலு காலையும் தூக்கி, முதலில் பத்து விநாடி, மெதுவாக இரண்டு நிமிஷம்வரை பிடித்து, குளம்படியில் சுத்தியலால் தட்டிப் பழக்குங்கள். குதிரை இழுக்கும்போது விடாதீர்கள், அடங்கி நிற்கும்போது விடுங்கள். லாடம் அடிக்கும்போது தலைக்கயிறு பிடிப்பவர் எப்போதும் அடிப்பவர் இருக்கும் பக்கமே நிற்க வேண்டும். தலையைத் தன் பக்கம் இழுத்தால் பின்பக்கம் அவரை விட்டு விலகும். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தால் குதிரை அவர் மேலேயே சாயும்.

அடக்குவதற்காக மேலுதட்டில் கயிறு போட்டு முறுக்கிப் பிடிப்பது ஐந்து, பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் மயக்க ஊசி. மருத்துவர்தான் போட வேண்டும். ஊசி போட்ட குதிரையும் உதைக்கும், தலை தொங்குகிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். முழுக்கத் தெளியும்வரை தீனி போடக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சுத்தியல் பிடியால் விலாவில் அடிக்கிற ஆளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுங்கள். எவ்வளவு நல்ல கைவேலையாக இருந்தாலும், அடுத்து வருகிற எந்த லாடக்காரரையும் அந்தக் குதிரை கிட்டே சேர்க்காது.

வருகிறேன் என்கிறார், வருவதில்லை

ஒரு குதிரைக்காக அரை நாள் பஸ்ஸிலும் பைக்கிலும் வருவது அவருக்குக் கட்டுபடியாகாது, இதுதான் முதல் காரணம். சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து, ஐந்து வாரத்துக்கு ஒரு நாள் என்று நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். பயணச் செலவைப் பங்கு போடலாம். ஆறு குதிரை ஒரே நாளில் இருக்கிறது என்றால் அவரே போன் செய்வார்.

இரண்டாவது காரணம் உங்கள் லாயத்தில் இருக்கிறது. அவர் வந்து நிற்கும்போது குதிரை மேய்ச்சலில் இருக்கிறது, காலில் சேறு, பிடிக்க ஆள் இல்லை, நிழல் இல்லை, கூலி அடுத்த வாரம். வரும் நேரத்துக்கு அரை மணி முன்னால் குதிரையைக் கட்டி, குளம்பைச் சுரண்டி, காலைத் துடைத்து உலர வைத்திருங்கள். ஈரக் கால் கையில் வழுக்கும். கோடையில் குளம்பு கல்லாக இறுகியிருந்தால் முந்தின இரவு ஈரச் சாக்கு கட்டி வையுங்கள், கத்தி இறங்கும். ஈயை விரட்ட ஒருவர், குடிக்கத் தண்ணீர், நிழல்.

கூலி பேசும்போது நாலு காலுக்கா, காலுக்கு இவ்வளவா, வெட்டுவது மட்டும் என்றால் எவ்வளவு, லாடமும் ஆணியும் யார் வாங்குவது என்று பிரித்துப் பேசுங்கள். லாடமும் ஆணியும் நீங்களே இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்திருப்பது உத்தமம். குளம்பு அளவு அவருக்குத் தெரியும், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முன்னங்கால் லாடம் வட்டமாகவும் பின்னங்கால் லாடம் சற்றுக் கூம்பியும் இருக்கும், கலந்து வாங்கிவிடாதீர்கள்.

ஆளை மாற்ற முடிவு செய்தால் நடுச் சுற்றில் மாற்றாதீர்கள். பழையவர் அடித்ததை நாலாவது வாரத்தில் புதியவர் பாதி திருத்தினால், பிறகு வரும் நொண்டலுக்கு யார் பொறுப்பு என்று தெரியாமல் போகும். சுற்று முடிந்த நாளில் பழையவருக்குப் பாக்கி இல்லாமல் தீர்த்துவிட்டு, சுமுகமாகவே சொல்லி அனுப்புங்கள்; ஊரில் இருக்கிறவர்களே இரண்டு பேர்தான், மழைக்காலத்தில் புதியவர் போன் எடுக்காத ஒரு நாள் வரும். புதியவரிடம் முதல் நாளே காலண்டரையும் படங்களையும் காட்டி, கழற்றிய பழைய லாடங்களையும் கையில் கொடுங்கள். அவர் பையைக் கட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் அடுத்த தேதியைக் குறித்துவிடுங்கள்.